ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்து மெஷின்
ஒரு கைப்பிடி நெல்லை வாங்கிக்கொண்டு
ஒரு எண்ணைத் துப்பும்.
பதினேழைத் தாண்டினால் அப்பா தலையை ஆட்டுவார்.
யார் வீட்டு நெல் என்று நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

என்னையும் ஜூனில் ஒரு மெஷின் அளந்தது.
நானூற்று எழுபத்தொன்று.
போன வருஷம் என்றால் கிடைத்திருக்கும் என்றார்கள்.
போன வருஷம் நான் பரீட்சையே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள்
நர்சிங் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.
இல்லையென்றால் ஒரு வருஷம்.
தஞ்சாவூரில் கோச்சிங், ஹாஸ்டல்,
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
அம்மா தொகையைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி
அடியில் கோடு போட்டிருக்கிறாள்.
கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

குறுவையை விட்டுட்டு
சம்பா மட்டும் போட்டதில்லையா, ஒரு வருஷம்தானே
என்கிறார் செங்குட்டுவன் மாமா.
நான் நிலமில்லை, மாமா.
நமக்கு நிலமும் இல்லை.

ஜெராக்ஸ் கடை குணசீலன் விவரம் தெரிந்தவன்.
இடைவெளி விழுந்தால் பத்திரத்தில் எழுதித் தரணுமாம்:
மேற்படி காலத்தில்
எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை,
எந்தக் குற்றச் செயலிலும் ஈடுபடவில்லை.
இரண்டும் ஒரே வரியில் வரும் என்றான்.

நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்தது.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
இறங்கி நின்றவர்கள் வெள்ளரிக்காய் தின்றார்கள்.
ஒருத்தர் ஷேவிங்கே முடித்துவிட்டார்.
இந்த ஊரில் கேட்டில் நிற்பவரை
ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.
வீட்டில் நின்றால்தான்
சும்மாவா இருக்கே என்கிறார்கள்.

அங்கே நிற்கும்போதுதான் ஜெஸிரா போட்டோ அனுப்பினாள்.
வெள்ளைக் கோட்டில் பெயர்ப் பட்டை.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எழுத்துப்பிழை இருக்கும் என்று எதிர்பார்த்தேன் போல.
இல்லை.
எனக்கு வேண்டியது மருத்துவமா, அந்தக் கோட்டா
என்று அன்று இரவு என்னையே கேட்டேன்.
பதில் சுத்தமாக வரவில்லை.
வினாத்தாளை எடுத்துத் தப்புகளை எண்ணினேன்.
தெரியாதது ஒன்பது.
தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது பதினேழு.
பதினேழு என்றதும் சிரிப்பு வந்தது.
அம்மா விளக்கை அணைக்கச் சொன்னாள்.

புதன் இரவு மழை.
வைரக்கண்ணுவின் நெல் நாலு நாளாக ரோட்டில்.
பத்தொன்பது, பத்தொன்பது, பதினெட்டரை.
ஓரத்தில் தனியார் வியாபாரியின் லாரி
வைப்பரை ஆட்டியபடி காத்திருந்தது.
தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன்,
மறுமுனையை அப்பா.
நடுவில் வைரக்கண்ணு முழங்காலிட்டு
ஓடும் தண்ணீரைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.
வித்துடலாமே அண்ணே என்றேன்.
வித்திருக்கலாம்தான் என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை வானம் வெளிறிக் கிடந்தது.
பணம் அம்மாவின் கைப்பையில்.
அம்மா என்னைக் கேட்கவில்லை.
கைப்பையை மட்டும்
நான் பார்க்கும் இடத்தில் வைத்திருந்தாள்.
அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன்.
சாப்பாடு ஒரு சாக்கு, அவருக்கும் தெரியும்.
அங்கேயே இருந்துவிட்டேன்.

சாயங்காலம் வைரக்கண்ணு ஐந்தாவது தடவையாக
உள்ளங்கையில் நெல்லோடு வந்தார்.
அப்பா மெஷினை என் பக்கம் திருப்பினார்.
கண்ணாடி கொண்டுவரலை, நீ பாரு.
கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

பதினேழு புள்ளி இரண்டு.

பதினேழு என்று சொல்லியிருக்கலாம்.
யாருக்கும் தெரியாது.
இன்னும் ஒரு வெயில் என்றேன்.
என் குரல்தான், ஆனால் அப்பாவின் குரல் மாதிரி இருந்தது.

வைரக்கண்ணு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
நியாயமான வார்த்தை.
வெயில் எங்கம்மா இருக்கு என்றும் கேட்டார்.
பதில் தெரியவில்லை.
சுவரோரம் கிடந்த பலகையை எடுத்து
அவர் நெல்லைப் பரப்பப் போனேன்.
போனில் மணி நாலு ஐம்பத்திரண்டு.